டூலாவா, மிட்வைஃபா? யாரையும் புக் பண்றதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

"எங்க ஏரியாவுல மிட்வைஃப் யாரும் இல்லக்கா, ஒரு டூலாவ புக் பண்ணிடலாம்னு இருக்கேன்"னு மாசமா இருக்கிற பொண்ணுங்க இப்ப அடிக்கடி சொல்றாங்க. அந்தக் கணக்கு தான் எனக்கு பயமா இருக்கு. மிட்வைஃப் கிடைக்கலன்னா அந்த எடத்துல டூலாவ வைக்க முடியாது, ஏன்னா ரெண்டு பேரும் பாக்குறது ஒரே வேலை இல்ல. மிட்வைஃப் பிரசவம் பாக்குறவங்க. டூலா பிரசவம் பாக்குறவங்களே இல்ல, வலியில தவிக்கிற பொண்ணு கூட கடைசி வரைக்கும் இருக்கிறவங்க. இது ரெண்டும் மனசுல தெளிவா இருந்துச்சுன்னா மத்த முடிவெல்லாம் பாதி தானா வந்துடும்.

மிட்வைஃப் என்ன செய்வாங்கன்னு முதல்ல சொல்றேன். வலி வந்து நீங்க அட்மிட் ஆனதுலருந்து அம்மா, குழந்தை ரெண்டு பேரோட உசுருக்கும் பொறுப்பு அவங்களோடது. பி.பி. பாப்பாங்க, பல்ஸ் பாப்பாங்க, வயித்துல கை வச்சு குழந்தை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு தலை எவ்ளோ எறங்கியிருக்குன்னு பாப்பாங்க, உள்பரிசோதனை பண்ணி கர்ப்பப்பை வாய் எத்தன சென்டிமீட்டர் தெறந்திருக்குன்னு சார்ட்ல குறிப்பாங்க. குழந்தையோட இதயத்துடிப்ப வலி நல்லா புடிச்ச நேரத்துல கால் மணிலருந்து அரை மணிக்கு ஒரு தடவையும், முக்க ஆரம்பிச்சப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவையும் கேக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அத கேக்குற காது மிட்வைஃபோடது. குழந்தை வெளிய வந்ததும் அம்மாவுக்கு ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடணும், அப்ப தான் கர்ப்பப்பை நல்லா சுருங்கி ரத்தப்போக்கு அடங்கும். தொப்புள் கொடிய அவசரப்பட்டு வெட்டாம ஒரு நிமிஷமாவது விடணும், நஞ்சுக்கொடி முழுசா வந்துடுச்சா துண்டு எதுவும் உள்ள நின்னுடுச்சான்னு திருப்பிப் போட்டு பாக்கணும், கிழிஞ்சிருந்தா தையல் போடணும், குழந்தை அழலன்னா மாஸ்க் வச்சு மூச்சு குடுக்கணும். இவ்ளோத்துக்கும் மேல, "இது நம்ம கைய மீறுது, டாக்டர கூப்பிடு"ன்னு சரியான நேரத்துல முடிவெடுக்கணும். அவங்க படிச்ச படிப்போட சாரமே அது தான்.

டூலா இதுல ஒண்ணு கூட செய்யக் கூடாது. ஊசி போட மாட்டாங்க, உள்பரிசோதனை பண்ண மாட்டாங்க, இதயத்துடிப்பு கேட்டு சரி தப்பு சொல்ல மாட்டாங்க. அப்போ எதுக்கு காசு குடுக்கணும்னு கேப்பீங்க. என் தங்கச்சி பிரசவத்துல நான் பக்கத்துல இருந்து பாத்தத சொல்றேன். அவளுக்கு வலி பூரா இடுப்புலயும் முதுகுத்தண்டு அடியிலயும் தான், படுத்தா உசுரு போகுதுங்குறா. அந்த டூலாம்மா அவள படுக்கவே விடல, கட்டில் மேல தலகாணிய அடுக்கி அதுல சாய்ஞ்சு நிக்க வச்சு, பின்னாடி நின்னு ரெண்டு உள்ளங்கையையும் இடுப்பு எலும்போட ரெண்டு பக்கமும் வச்சு ஒவ்வொரு வலிக்கும் உள்பக்கமா அழுத்திக்கிட்டே இருந்தாங்க, வலி விட்டதும் கைய எடுத்துட்டு ரெண்டு வாய் இளநீர், அப்புறம் அடுத்த வலி. சும்மா தேய்க்கிற மாதிரி இல்ல, அவங்க முழங்கை நடுங்குற அளவுக்கு அழுத்தம். நடுவுல ட்யூட்டி டாக்டர் வந்து "ஜெல் வைக்கலாமா"ன்னு (கர்ப்பப்பை வாய இளக வைக்கிற மருந்து அது) கேட்டப்ப டூலாம்மா வேணும்னும் சொல்லல வேண்டாம்னும் சொல்லல, தங்கச்சி கிட்ட குனிஞ்சு "எதுக்கு வைக்கிறாங்க, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமான்னு நீயே டாக்டர் கிட்ட கேளும்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. அவ கேட்டா, டாக்டரும் பொறுமையா விளக்குனாங்க, ரெண்டு மணி நேரம் பாக்கலாம்னு முடிவாச்சு. நல்ல டூலா எப்படி இருக்கணும்னு யாராவது கேட்டா நான் இத தான் சொல்லுவேன்.

படிப்புலயும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கு. நம்ம நாட்டுல ஜி.என்.எம்.ங்கிற நர்சிங் டிப்ளமோ மூணு வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், ரெண்டுலயுமே பிரசவம் பாக்குற பயிற்சி உண்டு, முடிச்சவங்க நர்ஸ் அண்ட் மிட்வைஃப்னு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணிக்குவாங்க. அதுக்கு மேல 2018ல மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் கொண்டு வந்துச்சு, அனுபவம் உள்ள நர்சுங்களுக்கு 18 மாசம் தனிப் பயிற்சி குடுத்து நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரின்னு ஒரு தனிப் பிரிவே உருவாக்கணும்னு. டூலாவுக்கு இங்க அரசாங்கப் பதிவும் கிடையாது, சட்டமும் கிடையாது, லைசென்சும் கிடையாது. அமெரிக்காவுல 1992ல ஆரம்பிச்ச டோனா மாதிரி சில அமைப்புங்க சில நாள் பயிற்சி வகுப்பு நடத்தி, சில பிரசவங்கள்ல கூட இருந்ததுக்கு அத்தாட்சி வாங்கிட்டு சர்டிபிகேட் குடுக்குறாங்க. அது கூட இல்லாம நாளைக்கே ஒருத்தங்க இன்ஸ்டாகிராம்ல டூலான்னு போர்டு மாட்டிக்கிட்டாலும் யாரும் தடுக்க முடியாது. அதுக்காக டூலா எல்லாரும் மோசம்னு நான் சொல்ல வரல, ரொம்ப அருமையானவங்க இருக்காங்க. ஆனா தரம் பாக்க வேண்டிய பொறுப்பு முழுசா உங்க தலையில தான் விழுது.

இந்தக் குழப்பம் இவ்ளோ பரவுனதுக்கு நம்ம பாக்குற வீடியோவும் ஒரு காரணம். லண்டன்ல இருக்கிற சொந்தக்காரப் பொண்ணு "என் மிட்வைஃப் சூப்பர்"னு சொல்றப்ப அவ சொல்றது அரசாங்க மருத்துவ சேவையில எல்லா கர்ப்பிணிக்கும் சும்மாவே கிடைக்கிற மிட்வைஃப, அங்க சிக்கல் இல்லாத பிரசவத்துல டாக்டர் முகத்தையே பாக்காம வீட்டுக்கு வந்துடலாம். கனடாவுல டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல 1994லருந்து மிட்வைஃபுங்களுக்கு முறையான பதிவு இருக்கு, செலவ மாகாண அரசே ஏத்துக்குது, நீங்க மிட்வைஃப் கிட்ட போறீங்களா டாக்டர் கிட்ட போறீங்களான்னு ஒண்ண தேர்ந்தெடுக்கணும், மிட்வைஃப்னா குழந்தை பொறந்து ஆறு வாரம் வரைக்கும் அவங்களே பாத்துக்குவாங்க. டொராண்டோவோட ஸ்கார்பரோ ஏரியாவுல நம்ம ஆளுங்க நெறைய பேர் அப்படி பெத்திருக்காங்க. ஆனா அங்கயும் டூலா வேணும்னா பெரும்பாலும் சொந்தக் காசு தான். அதாவது அந்த ஊருங்கள்ல மிட்வைஃபா டாக்டரான்னு ஒரு கேள்வி, டூலா வேணுமா வேண்டாமான்னு தனியா இன்னொரு கேள்வி. நம்ம ரெண்டையும் ஒண்ணா போட்டு கலக்கிட்டோம்.

இங்க தமிழ்நாட்டுல நெலம என்ன? 2019-21 தேசிய குடும்ப நல கணக்கெடுப்புப்படி 100க்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில தான் நடக்குது, பெருமைப்பட வேண்டிய விஷயம். அதே கணக்கெடுப்புல சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் ஆஸ்பத்திரியில மட்டும் எடுத்தா 63.8 சதவீதம், அரசு ஆஸ்பத்திரியில 36. நாடு முழுக்க சேத்துப் பாத்தா 21.5 தான். தனியார்ல போற மூணு பேர்ல ரெண்டு பேருக்கு கிட்டத்தட்ட ஆபரேஷன்னா, ஒரு பொண்ணு பயந்து போய் யாராவது கூட இருந்தா தேவலன்னு தேடுறதுல தப்பே இல்ல.

மிட்வைஃப தனியா நீங்களே புக் பண்ற வழக்கம் இங்க ரொம்ப ரொம்ப கம்மி. ஆனா மிட்வைஃப் வேலைய பாக்குறவங்க இங்க இல்லவே இல்லன்னு நெனச்சா அது தப்பு. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணு ஷிப்டுக்கும் ஸ்டாஃப் நர்ஸ போட்டு, சிக்கல் இல்லாத பிரசவங்கள அவங்களே பாக்குற முறை நம்ம ஸ்டேட்ல பல வருஷமா நடக்குது. அந்த சிஸ்டருங்க கையில பொறந்த குழந்தைங்க கணக்கில்லாம இருக்கு, அவங்கள யாரும் மிட்வைஃப்னு கூப்பிடுறதில்ல, அவ்ளோ தான். பக்கத்து ஊர்னு பாத்தா ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி 2011லருந்தே மிட்வைஃபுங்கள பயிற்சி குடுத்து உருவாக்குறாங்க, 2017ல தெலங்கானா அரசோட சேந்து அரசு நர்சுங்களுக்கும் அந்தப் பயிற்சிய குடுக்க ஆரம்பிச்சாங்க. நீங்க பாக்கப்போற ஆஸ்பத்திரியில அந்த மாதிரி மிட்வைஃப் டீம் இருந்து, உங்களுக்கு சிக்கல் எதுவும் இல்லன்னா, நான் யோசிக்காம அங்க போங்கன்னு தான் சொல்லுவேன். மிட்வைஃப் முன்னின்னு தொடர்ந்து பாத்துக்குற முறைய பத்தி மருத்துவ ஆய்வுங்கள தொகுத்து பாக்குற காக்ரேன்ங்கிற அமைப்பு 2016ல 15 ஆய்வு, 17,674 பொண்ணுங்கள வச்சு அலசுச்சு, எபிட்யூரல் (முதுகுல போடுற வலி மரப்பு ஊசி) தேவை கொறஞ்சுது, ஆயுதம் போட்டு எடுக்குறது கொறஞ்சுது, அம்மாவுக்கோ குழந்தைக்கோ பாதிப்பு கூடுனதா எதுவும் தெரியல. அதெல்லாம் பெரும்பாலும் பணக்கார நாட்டு ஆய்வுங்க தான், இருந்தாலும் பாக்குற முறையில தான் சூட்சுமம் இருக்குன்னு புரியுது.

டூலா பக்கமும் ஆதாரம் இல்லாம இல்ல. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரியில 616 முதல் பிரசவக்காரங்கள வச்சு பண்ண ஆய்வு ஒண்ணு 1991ல வெளிவந்துச்சு, எனக்கு அது ரொம்ப புடிக்கும். சிலருக்கு டூலா கூடவே இருந்தாங்க, சிலருக்கு யாரும் இல்ல, இன்னும் சிலருக்கு ஒரு பொம்பள ரூம்ல ஓரமா உக்காந்து வெறும் குறிப்பு எடுத்துக்கிட்டு இருந்தாங்க, பேசல, தொடல. யாரும் இல்லாதவங்கள்ல 18 சதவீதம் சிசேரியன், டூலா இருந்தவங்கள்ல 8 சதவீதம். சும்மா ஒருத்தர் உக்காந்திருந்ததுக்கே 13 சதவீதமா கொறஞ்சுது! அப்புறம் 2017ல காக்ரேன் 26 ஆய்வு, கிட்டத்தட்ட 16,000 பொண்ணுங்கள சேத்து பாத்தப்ப, பிரசவம் முழுக்க ஒருத்தர் கூடவே இருந்தா சிசேரியன் சுமார் கால்வாசி கொறையுது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்குது, பிரசவத்த பத்தி கசப்பான நினைப்பும் கொறையுதுன்னு வந்துச்சு. ஆய்வுங்களோட தரம் ஏத்த எறக்கமா இருக்குன்னு அவங்களே எழுதியிருக்காங்க, அதனால டூலா வச்சா கட்டாயம் நார்மல் டெலிவரின்னு யாராவது உத்தரவாதம் குடுத்தா அந்த எடத்துலயே எழுந்து வந்துடுங்க. அப்படி ஒரு உத்தரவாதம் டாக்டராலயும் குடுக்க முடியாது, டூலாவாலயும் முடியாது.

இப்ப முடிவு எப்படி எடுக்குறது? என் கருத்து, முதல்ல ஆஸ்பத்திரிய முடிவு பண்ணுங்க, டூலா ரெண்டாவது. நெறைய பேர் டூலாவுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு அப்புறம் போய் கேக்குறாங்க, "லேபர் வார்டுக்குள்ள ஒரு அட்டெண்டர் தான், அதுவும் சொந்தக்காரங்க தான்"னு சொல்லிடுறாங்க, டூலா வெளிய வராண்டாவுல உக்காந்து வாட்ஸ்அப்ல மூச்சு பயிற்சி சொல்லிக் குடுத்த கதையெல்லாம் நடந்திருக்கு. அதனால ஓபிக்கு போறப்பவே டாக்டர் கிட்ட நேரா கேளுங்க: டூலாவ உள்ள விடுவீங்களா, அவங்களும் வீட்டுக்காரரும் ரெண்டு பேரும் இருக்கலாமா, வலி நேரத்துல நடக்க விடுவீங்களா, எல்லாருக்கும் வழக்கமா கீறி தையல் போடுவீங்களா தேவைப்பட்டா மட்டுமா, உங்க ஆஸ்பத்திரியில முதல் பிரசவத்துல எத்தன பேருக்கு சிசேரியன் ஆகுது. கடைசி கேள்விக்கு மூஞ்சிய சுளிக்கிற எடமா இருந்தா எவ்ளோ நல்ல டூலாவ கூட்டிட்டுப் போனாலும் பெருசா பிரயோஜனம் இல்ல, அந்த காச வச்சு ஆஸ்பத்திரிய மாத்துறது உத்தமம். பகல்ல டாக்டர் வாய்ல "விடுவோம்மா"ன்னு சொல்றது ராத்திரி ஷிப்டுக்கு தெரியாது, ஃபைல்ல எழுதி வாங்கிடுங்க.

பி.பி. ஏறியிருக்கு, சுகர் இருக்கு, ரெட்டைப் புள்ள, நஞ்சுக்கொடி கீழ இருக்கு, ஏற்கனவே ஆபரேஷன் ஆகியிருக்கு, இந்த மாதிரி எதுவா இருந்தாலும் டாக்டர் தான் முன்னாடி நிக்கணும், அதுல பேச்சுக்கே எடமில்ல. ஆனா இவங்களுக்கு டூலா தேவையில்லன்னு நெனக்காதீங்க. சொல்லப்போனா இவங்க தான் அதிகமா பயந்து போயிருப்பாங்க, மானிட்டர மாட்டி படுக்க வச்சிருக்கிறப்ப கைய புடிச்சுக்கிட்டு என்ன நடக்குதுன்னு சொல்ல ஒரு ஆள் இருந்தா பெரிய பலம். முதல் குழந்தை சிசேரியன் ஆகி ரெண்டாவது நார்மலுக்கு முயற்சி பண்றவங்களுக்கும் அப்படி தான், அங்க முதல்ல ராத்திரியிலயும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் எல்லாம் தயாரா இருக்கிற எடமான்னு பாத்துட்டு அப்புறம் டூலாவ பாருங்க.

அரசு ஆஸ்பத்திரிக்கு போறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும். பிரசவ நேரத்துல கூட ஒரு பொம்பள இருக்கலாம்னு தமிழ்நாட்டுல ரொம்ப வருஷமா வழக்கம் இருக்கு, 2016ல மத்திய அரசும் எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் இத சொல்லிடுச்சு. அதுல இருக்கிறது என்னன்னா, சொந்தக்காரப் பொம்பளையா இருக்கணும், முடிஞ்சா அவங்களே பிரசவ வலிய பாத்தவங்களா இருக்கணும், தொத்து நோய் இருக்கக் கூடாது, சுத்தமான துணி போட்டுருக்கணும், கடைசி வரைக்கும் கூடவே இருக்கணும், நர்ஸ் வேலையில தலையிடக் கூடாது. மறைவு வசதி இருக்கிற எடத்துல வீட்டுக்காரரும் இருக்கலாம். காசு கிடையாது. டூலா பண்ற வேலையில பாதிய உங்க அக்காவோ சித்தியோ பழகிக்கிட்டா பண்ணிடலாம், ஆனா பழகணும், சும்மா உள்ள போய் "பொறுத்துக்கோம்மா, நாங்கல்லாம் பெக்கலையா"ன்னு சொல்றது ஆறுதல் இல்ல.

வீட்டுப் பிரசவம் பத்தி நான் மழுப்பாம சொல்லிடுறேன். படிச்ச, பதிவு பண்ண மிட்வைஃப், ஊசி மருந்து, பக்கத்துலயே ஆஸ்பத்திரி, வண்டி எல்லாம் கட்டமைப்பா இருக்கிற நாட்டுல சிக்கல் இல்லாதவங்க வீட்ல பெத்துக்கிறது வேற. இங்க ஒரு டூலாவ மட்டும் வச்சுக்கிட்டு வீட்ல பெத்துக்கலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. 2018ல திருப்பூர்ல ஒரு பொண்ணு யூடியூப் பாத்து வீட்லயே பெத்து, ரத்தப்போக்குல போய்ச் சேந்துட்டா, நல்லா படிச்ச குடும்பம். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்குக்கு நிமிஷக் கணக்கு தான், 108 வர்றதுக்குள்ள கைமீறிடும். அந்த நிமிஷத்துல கையில ஆக்ஸிடோசினும் அத போடத் தெரிஞ்ச ஆளும் வேணும், டூலா கிட்ட ரெண்டும் இருக்காது, இருக்கவும் கூடாது. ஒழுங்கான டூலா இந்த மாதிரி கேஸ அவங்களே ஒத்துக்க மாட்டாங்க.

டூலாவ பாக்குறதுன்னா ஆறாம் மாசம் ஏழாம் மாசத்துக்குள்ள பாத்துடுங்க, அப்ப தான் ரெண்டு மூணு தடவ உக்காந்து பேச நேரம் இருக்கும். எங்க பயிற்சி எடுத்தீங்க, எத்தன பிரசவத்துல இருந்திருக்கீங்க, அதே நாள்ல இன்னொரு பொண்ணுக்கும் வலி வந்துட்டா எனக்கு யாரு வருவாங்க, சிசேரியன்னு முடிவாச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, வீட்டுக்கு வந்தப்புறம் பால் குடுக்குறதுக்கு உதவுவீங்களா, எல்லாத்தையும் கேளுங்க. தடுப்பூசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், டாக்டருங்க எல்லாம் காசுக்குன்னு பேச்ச ஆரம்பிச்சா அந்த ஆள் வேண்டாம், அவங்க உங்க கூட நிக்க வரல, அவங்க கொள்கைக்கு ஆள் சேக்க வந்திருக்காங்க. எபிட்யூரல் எடுத்துக்கணும்னு உங்களுக்கு தோணுனா அதுக்கும் முகம் கோணாம கூட நிக்கணும். ஃபீஸ் பெரும்பாலும் இன்சூரன்ஸ்ல வராது, எதெதுக்கு எவ்ளோ, வலி ராத்திரி பூரா நீண்டா எக்ஸ்ட்ரா உண்டா, பேக்கப் ஆள் வந்தா தனியா குடுக்கணுமான்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க.

அந்த காசு கைக்கு எட்டலன்னா மனசு விட்டுடாதீங்க. உங்க கூட உள்ள வரப்போறது அம்மாவோ அண்ணியோ யாரா இருந்தாலும், எட்டாம் மாசத்துலருந்து பிரசவ வகுப்புக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, இடுப்ப எந்த எடத்துல அழுத்தணும், வலி விட்ட இடைவெளியில எப்ப தண்ணி குடுக்கணும், எப்ப பேசாம இருக்கணும்னு வீட்லயே ரெண்டு மூணு தடவ செஞ்சு பாத்துக்கோங்க. செல்போன வெளிய இருக்கிறவங்க கிட்ட குடுத்துட்டு வரணும்னும் சொல்லிடுங்க, ஊர்லருந்து "என்னாச்சு, என்னாச்சு"ன்னு வர்ற கால எல்லாம் எடுத்து பேசிட்டு இருந்தா இடுப்ப அழுத்த கை ஃப்ரீயா இருக்காது.